பெற்றோர் பூசலும் பிள்ளை மனமும்: ஒரு புகழ்பெற்ற ஆய்வின் மீது ஒரு திறனாய்வு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1970 ஜனவரி முதல் நாள் ஒரு புதிய குடும்பச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை மணவிலக்குக் கேட்பவர், தம் துணை ஏதேனும் ஒரு குற்றம் செய்தார் என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. கொடுமைப்படுத்தினார், கைவிட்டுப் போனார், பிறரோடு உறவு கொண்டார் என்று கூறிச் சாட்சி தேட வேண்டும். புதிய சட்டமோ, 'எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை' என்று சொன்னாலே போதும் என்றது. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாக அதே வழியில் சென்றன. பெரியவர்களுக்கு வழி எளிதாயிற்று. பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று கேட்டவர்களுக்கு விடை சொல்லத்தக்க ஆராய்ச்சி அப்போது மிகக் குறைவாகவே இருந்தது.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு 1971-ல் களத்தில் இறங்கியவர்கள் ஜூடித் வாலர்ஸ்டைன், ஜோன் கெல்லி என்ற இரு உளவியலார். சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே உள்ள மரின் கவுண்டியில், அப்போதுதான் பிரிந்திருந்த 60 குடும்பங்களையும் அவற்றின் 131 பிள்ளைகளையும் அவர்கள் ஆராயத் தொடங்கினர். சிறிது காலத்தில் முடியும் என்று எண்ணித் தொடங்கிய வேலை கால் நூற்றாண்டு நீண்டது. அதிலிருந்து மூன்று நூல்கள் பிறந்தன. 1980-ல் வந்த 'சர்வைவிங் தி பிரேக்கப்' இருவரும் சேர்ந்து எழுதியது. 1989-ல் வந்த 'செகண்ட் சான்சஸ்', 2000-ல் வந்த 'தி அன்எக்ஸ்பெக்டட் லெகசி ஆஃப் டைவர்ஸ்' ஆகிய இரண்டையும் வாலர்ஸ்டைன் வேறு துணையாசிரியர்களோடு எழுதினார். 2012-ல் அவர் மறைந்தார். ஆயினும் மணவிலக்கு பற்றிப் பேச்செடுக்கும் இடமெல்லாம் இந்த 131 பிள்ளைகளும் சாட்சிக்கு அழைக்கப்படுகிறார்கள். 'எப்படியாவது சேர்ந்தே இருங்கள். பிள்ளைகளுக்காகவாவது' என்பவர்களுக்கு இந்நூல்கள் பெரிய ஆயுதம். அந்த ஆயுதம் எவ்வளவு கூர்மையானது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். வாலர்ஸ்டைனும் கெல்லியும் பிள்ளைகளோடு பேசினார்கள். இது இன்று சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ ஒரு வினாத்தாளைக் கொடுத்து, 'குழந்தை முரண்டு பிடிக்கிறதா? ஆம் அல்லது இல்லை' என்று குறியிடச் செய்து முடித்துக்கொண்ட ஆய்வுகளே பல. இவர்களோ ஒவ்வொரு பிள்ளையையும் தனியே, பல மணி நேரம் சந்தித்தனர். ஒன்றரை ஆண்டு, ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு கழித்து மீண்டும் சென்று கேட்டனர். வயதுக்கு வயது துயரத்தின் வடிவம் மாறுகிறது என்பதை இவர்களைப் போல் விளங்கச் சொன்னவர் குறைவு.

பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைக்கு வருவது அச்சம். அப்பா போய்விட்டார்; அடுத்து அம்மாவும் போய்விடுவாள் என்று அது கணக்குப் போடுகிறது. படுக்கையை நனைக்காமல் இருக்கப் பழகிய குழந்தை மறுபடி நனைக்கிறது. தனியே தூங்கியது தூங்க மறுக்கிறது. ஆறு முதல் எட்டு வயது வரை மேலோங்கி நிற்பது ஏக்கம். ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருப்பவர்களிடம் சினம் தெரிகிறது. யார் செய்தது சரி, யார் செய்தது தவறு என்று இவர்கள் தீர்ப்புக் கூறுகிறார்கள். ஒரு கட்சியில் சேர்ந்து மற்றவரோடு பேச மறுக்கிறார்கள். வளரிளம் பருவத்தினரின் கவலை வேறு: தங்கள் திருமணமும் இப்படித்தான் ஆகுமோ என்பது. இன்னொரு செய்தியும் முதல் நூலில் உண்டு. மிக இளைய பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பங்கினருக்கு, வீட்டில் என்ன நடக்கிறது என்று தக்க விளக்கமோ, 'உன்னைத் தொடர்ந்து பார்த்துக்கொள்வோம்' என்ற உறுதிமொழியோ யாரும் தரவில்லையாம். ஒரு காலையில் எழுந்து பார்த்தால் அப்பாவைக் காணவில்லை, அவ்வளவுதான். இந்த ஒரு செய்திக்காகவே அந்த நூல் படிக்கத்தக்கது என்பேன்.

இனி குறைக்கு வருவோம்.

ஒரு சோறும் பானையும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. புள்ளியியலில் மாதிரி எடுத்தல் என்பதன் முழு உட்பொருளும் அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் பழமொழிக்குள் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை இருக்கிறது: அந்தச் சோறு அந்தப் பானையிலிருந்தே எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும், பானை முழுதும் ஒரே சீராக வெந்திருக்கவும் வேண்டும்.

மரின் கவுண்டி அமெரிக்காவின் செல்வம் மிக்க பகுதிகளுள் ஒன்று. 60 குடும்பங்களும் பெரும்பாலும் வெள்ளை இனத்து நடுத்தர வகுப்பினர். இது ஒரு குறைதான்; ஆனால் நூல்களிலேயே சொல்லப்பட்ட குறை. இதைவிடப் பெரியது மற்றொன்று. இந்தக் குடும்பங்கள் எப்படிக் கிடைத்தன? பிரிந்தவர்களுக்கு ஆலோசனை வழங்கப்படும் என்ற அழைப்பின் பேரில் வந்தவை இவை. ஆலோசனை தேவை என்று உணர்ந்தவர்தாமே ஆலோசனைக்கு வருவார்? 1980 நூலின் பிற்சேர்க்கையில் பெற்றோரின் மனநலம் பற்றிய விவரம் தரப்பட்டிருக்கிறது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினரே மணவாழ்வின்போதும் போதிய மனநலத்தோடு இருந்தவர்கள். ஏனையோரிடம் நாட்பட்ட மனச்சோர்வு முதல் கடுமையான மனநோய் வரை வெவ்வேறு அளவில் சிக்கல்கள் இருந்தன. மனநலம் குன்றிய பெற்றோரிடம் வளரும் பிள்ளைகளுக்கு, பெற்றோர் பிரிந்தாலும் பிரியாவிட்டாலும், இடர் மிகுதி. சமூகவியலார் ஆண்ட்ரூ செர்லின் 2000-ல் மூன்றாம் நூலைத் திறனாய்வு செய்தபோது இந்தப் பிற்சேர்க்கையை நினைவூட்டினார். வாசகர் பெரும்பாலோர் பிற்சேர்க்கை வரை போவதில்லை. மேடையில் மேற்கோள் காட்டுபவர் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை.

அடுத்தது ஒப்பீட்டுக் குழு. ஓர் உரத்தின் பயனை அறிய வேண்டுமானால் உரமிட்ட பாத்தியை மட்டும் பார்த்தால் போதாது, உரமிடாத பாத்தி ஒன்றும் பக்கத்தில் வேண்டும் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். 1971-ல் இந்த ஆய்வில் இரண்டாம் பாத்தி இல்லை. பெற்றோர் பிரியாத குடும்பங்களில் வளர்ந்த 44 பேர், பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பின்னரே தேடிச் சேர்க்கப்பட்டார்கள். முதலில் இருந்த 131 பேரில் 25 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சந்திக்கப்பட்டவர் 93 பேர். கால் நூற்றாண்டில் இத்தனை பேரைத் தொடர்ந்து பிடித்துவைத்ததே பெரிய செயல்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் பாதி வழியில் நட்ட பாத்தி முதலிலிருந்தே இருந்த பாத்தி ஆகாது.

காய்ச்சலும் வெப்பமானியும்

மேற்சொன்னவை எல்லாம் அளவு பற்றிய குறைகள். அடிப்படைக் குறை ஒன்று உண்டு. ஒரு வீட்டில் குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மூன்றாம் நாள் மருத்துவர் வருகிறார். அவர் வந்த பிறகுதான் முதன்முதலாக வெப்பமானி வைக்கப்படுகிறது. 103 டிகிரி காட்டுகிறது. மருத்துவர் வந்ததால் காய்ச்சல் வந்தது என்று முடிவு கட்டலாமா? வாலர்ஸ்டைனின் பிள்ளைகளை வெப்பமானி தொட்டது பெற்றோர் பிரிந்த பின்னரே. அதற்கு முன் அந்த வீடுகளில் எத்தனை ஆண்டு பூசல் நடந்தது, பிள்ளைகள் அப்போது எப்படி இருந்தார்கள் என்பதெல்லாம் பிறகு நினைவிலிருந்து சொல்லப்பட்டவை.

முன்பே வெப்பமானி வைத்திருந்த ஆய்வு ஒன்று பிரிட்டனில் இருந்தது. 1958 மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகள் எல்லாரையும் அங்கே தொடர்ந்து கவனித்து வந்தார்கள். மணவிலக்கை ஆராய்வதற்காகத் தொடங்கியது அன்று அது. மகப்பேறு பற்றிய கணக்கெடுப்பாகத் தொடங்கியது. ஏழு வயதில் அக்குழந்தைகளின் நடத்தையும் படிப்புத் திறனும் பதிவாயின. பதினொன்றாம் வயதில் மீண்டும் பதிவாயின. செர்லினும் அவருடைய கூட்டாளிகளும் செய்தது எளிய, ஆனால் அழகான வேலை. ஏழு வயதில் தாய் தந்தை இருவரோடும் இருந்த பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுள் பலரின் பெற்றோர் அடுத்த நான்கு ஆண்டுகளில் பிரிந்தனர். பலரின் பெற்றோர் பிரியவில்லை. பதினொன்றாம் வயதில் இரு குழுவுக்கும் வேறுபாடு இருந்தது. ஆனால் பின்னாளில் பிரியப்போகும் பெற்றோரின் பிள்ளைகள் ஏழு வயதிலேயே, அதாவது பிரிவதற்கு முன்பே, மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள்! அதைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது, ஆண் பிள்ளைகளிடம் காணப்பட்ட வேறுபாடு பெரிதும் சுருங்கிவிட்டது. பெண் பிள்ளைகளிடம் அந்த அளவு சுருங்கவில்லை. 1991-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த இக்கட்டுரை, மணவிலக்கின் கணக்கில் எழுதப்பட்ட கடனில் ஒரு பகுதி உண்மையில் வீட்டுப் பூசலின் கடன் என்று காட்டிற்று.

நேர்மையாகச் சொல்வதானால் கதை இத்துடன் முடியவில்லை. அதே குழந்தைகளை 33 வயது வரை தொடர்ந்து பார்த்த செர்லின் குழுவினர், இரு குழுவுக்கும் இடையிலான இடைவெளி வயது ஏற ஏற விரிந்ததையும், அதில் ஒரு பங்கு பிரிவினாலேயே வந்ததாகத் தோன்றுவதையும் 1998-ல் எழுதினார்கள். நெடுங்காலம் கழித்தே தலைகாட்டும் விளைவுகள் உண்டு என்று வாலர்ஸ்டைன் வற்புறுத்தியது வெறுங்கற்பனை அன்று என்பதற்கு அவருடைய எதிர்ப்பாளரே சான்று தந்தார். அறிவியலில் இப்படி நடப்பது மகிழ்ச்சிக்குரியது.

துன்பம் தருவது எது?

பிரிவா, பூசலா என்ற கேள்வியை 1971-லேயே ஒருவர் நேராகக் கேட்டிருந்தார். அவர் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர். தாயைப் பிரிந்த குழந்தை கெட்டுப்போகும் என்ற கருத்து அந்நாளில் வலுவாக இருந்தது. ரட்டர் பிரிவுகளையே இரண்டாகப் பிரித்தார். பெற்றோருக்கு உடல்நலம் குன்றியதாலோ விடுமுறைக்கு வெளியூர் போனதாலோ சில காலம் பிரிந்திருந்த பிள்ளைகள் ஒரு வகை. வீட்டில் பூசல் மூண்டதால் பிரிந்தவர்கள் இன்னொரு வகை. முரட்டு நடத்தை மிகுந்திருந்தது இரண்டாம் வகையில்தான். பூசல் நிறைந்த வீடுகளிலும், தாய் தந்தையருள் ஒருவரோடேனும் நல்ல உறவு வைத்திருந்த பிள்ளைகளுள் கால்வாசிப் பேரிடமே நடத்தைக் கோளாறு இருந்தது. அத்தகைய உறவு ஒன்றும் இல்லாதவர்களுள் முக்கால்வாசிப் பேரிடம் இருந்தது. இரண்டு தூணும் வேண்டும் என்பதில்லை. ஒன்று நின்றாலும் கூரை பெரும்பாலும் நிற்கிறது.

1991-ல் பால் அமேடோவும் புரூஸ் கீத்தும் அதுவரை வெளிவந்த 92 ஆய்வுகளைத் திரட்டி ஒன்றாகக் கணக்கிட்டார்கள். 13,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். மணவிலக்குப் பெற்ற வீடுகளின் பிள்ளைகள் சராசரியில் சற்றே பின்தங்கியிருந்தனர், வேறுபாடு சிறியதே. பிரியாமல் ஓயாது சண்டையிட்டுக்கொண்டிருந்த வீடுகளின் பிள்ளைகள் நிலையோ இவர்களையும்விட மோசம்.

அப்படியானால் சண்டையிடுவோர் எல்லாரும் பிரிந்துவிடுவதே மேல் என்று அவசரப்பட வேண்டாம். அமேடோவும் ஆலன் பூத்தும் 1980 முதல் அமெரிக்கத் தம்பதியரைத் தொடர்ந்து கவனித்து, அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்தபின் அவர்களையும் கேட்டார்கள். கடும் பூசல் நிலவிய வீடுகளில் பெற்றோர் பிரிந்தபோது பிள்ளைகள் நலமாக இருந்தார்கள். பிரியாமல் நீடித்தபோது துன்புற்றார்கள். ஆனால் வெளியே தெரியும் பூசல் அதிகமின்றி, சலிப்பினாலோ வேறு காரணத்தாலோ பெற்றோர் பிரிந்த வீடுகளில் நடந்தது நேர்மாறு. அங்கே பிள்ளைகளுக்குப் பிரிவு இடிபோல் வந்தது. முதல் வகையில் பிரிவு ஒரு விடுதலை; இரண்டாம் வகையில் அது ஓர் இழப்பு. கடும் பூசலுக்குப் பின் வந்த மணவிலக்குகள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதும் அவர்கள் கணக்கு. வாலர்ஸ்டைன் கண்ட துயரத்துக்கு இதில் ஒரு விளக்கம் கிடைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த இரு வகை வீடுகளையும் ஒரே கூடையில் போட்டுவிட்டு 'மணவிலக்கின் விளைவு' என்று ஒரே பெயர் சூட்டியதுதான் அவர் நூல்களின் குழப்பம். இத்தனைக்கும், வன்முறை நிறைந்த மணவாழ்வைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அவர் நூலைக் கையிலேந்துவோர் சிலர்தாம் அப்படிச் சொல்லுகிறார்கள்.

பழகிப் போகுமா?

பூசல்தான் முதல் பகை என்றால், பூசல் நடக்கும்போது குழந்தைக்குள் என்ன நடக்கிறது? இங்கே மார்க் கம்மிங்ஸ் என்ற அமெரிக்க உளவியலாரின் ஆய்வுகள் வாலர்ஸ்டைனின் நூல்கள் விட்ட இடத்தை நிரப்புகின்றன.

1980-களின் தொடக்கத்தில் அவரும் அவருடைய கூட்டாளிகளும் தாய்மாருக்கே பயிற்சி தந்து, வீட்டில் யாரேனும் சினந்து பேசும்போது குழந்தை என்ன செய்கிறது என்று உடனுக்குடன் குறித்துவரச் செய்தனர். ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளே பிறருடைய சினத்தைக் கண்டு கலங்கின. 'குழந்தைக்கு என்ன தெரியும்?' என்று சொல்லிக்கொண்டு தொட்டிலருகே சண்டையிடுவோர் இதைக் கவனிக்க வேண்டும். தூங்கும் குழந்தையும் விலக்கல்ல. ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஆறு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகள் இயல்பாக உறங்கும்போது, சினந்த குரலைக் கேட்கச் செய்து காந்தப் புல வழியே மூளையைப் படமெடுத்தார்கள். பூசல் மிகுந்த வீடுகளின் குழந்தைகளுடைய மூளையில், மனஅழுத்தத்தோடு தொடர்புடைய பகுதிகள் அந்தக் குரலுக்கு மிகுதியாகத் துலங்கின. இது 2013-ல் வெளிவந்தது. சிறிய ஆய்வுதான், மூளைப் படத்தைக் கண்டு நாம் மயங்கிவிடவும் கூடாது. ஆனால் தாய்மாரின் குறிப்பேடு சொன்னதற்கு அது முரண்படவில்லை.

அடுத்த சோதனை இரண்டு வயதுக் குழந்தைகளிடம் நடந்தது. ஒரு வீட்டு அறை போல அமைத்த இடத்தில் இரு குழந்தைகள் விளையாடுகின்றன. பக்கத்தில் இரு பெரியவர்கள் முதலில் இனிமையாகப் பேசுகிறார்கள், பிறகு நடிப்பாகச் சண்டையிடுகிறார்கள், பின்னர் சமாதானமாகிறார்கள். சண்டையின்போது குழந்தைகள் விளையாட்டை விட்டு விறைத்து நின்றன. சண்டை ஓய்ந்த பின் அவை தம் தோழர்களிடம் முன்னைவிட முரட்டுத்தனமாக நடந்துகொண்டன. பெரியவர்களின் கோபம் காற்றோடு போகவில்லை. அறையின் மற்றொரு மூலையில் முளைத்தது. இச்சோதனையை மறுமுறை நடத்தியபோது குழந்தைகளின் கலக்கம் குறைந்ததா? இல்லை, கூடியது.

இது மிக முக்கியமான செய்தி. 'தினமும் பார்ப்பதுதானே, பழகிப் போயிருக்கும்' என்பது பெரியவர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். இரயில் பாதையருகே குடியிருப்பவருக்கு இரயில் ஓசை பழகிப் போகிறது. ஏனெனில் இரயில் அவரை ஒன்றும் செய்வதில்லை. பெற்றோரின் சண்டை அப்படிப்பட்ட ஓசை அன்று. அடுத்து என்ன நடக்கும் என்பது குழந்தைக்கு உயிர்ப் பிரச்சினை. ஆகவே பலமுறை சண்டை கண்ட குழந்தை முன்னைவிட விரைவாகவும் மிகுதியாகவும் கலங்குகிறது. கதவு சற்று வேகமாகச் சாத்தப்பட்டாலே அதன் காது நிமிர்கிறது.

1994-ல் பேட்ரிக் டேவிஸும் கம்மிங்ஸும் இதற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் தந்தார்கள். குழந்தை தேடுவது உணர்ச்சிப் பாதுகாப்பு என்பது அதன் சாரம். பூசல் அதைக் குலைக்கும்போது, மீட்டுக்கொள்ளக் குழந்தை தன்னால் இயன்றதைச் செய்கிறது. சில பிள்ளைகள் நடுவே நுழைகிறார்கள்: அழும் தாயின் தோளைத் தடவுகிறார்கள், தந்தையிடம் நியாயம் பேசுகிறார்கள், வேடிக்கை காட்டிச் சிரிக்க வைக்கப் பார்க்கிறார்கள். சிலர் வேண்டுமென்றே குறும்பு செய்து சண்டையைத் தம் மீது திருப்புகிறார்கள். மகனைத் திட்டுவதில் தாயும் தந்தையும் ஒன்று சேர்ந்துவிடுகிறார்கள் அல்லவா? வேறு சிலர் விலகுகிறார்கள்: அறைக்குள் போய்ப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வது, தெருவிலேயே பொழுதைக் கழிப்பது. அந்த நேரத்தில் இவை எல்லாம் அறிவுள்ள செயல்களே. குழப்பம் என்னவென்றால், வீட்டில் தற்காப்பாகப் பயன்பட்ட பழக்கம் வகுப்பறையிலும் நட்பிலும் தடையாக நிற்கிறது. நாள்தோறும் பெற்றோருக்கு நடுவராக இருக்கும் பத்து வயதுப் பிள்ளையை 'எவ்வளவு பொறுப்பு!' என்று உறவினர் மெச்சுவார்கள். வாலர்ஸ்டைன் இத்தகைய பிள்ளைகளை நன்கு அறிந்திருந்தார். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றப்பட்ட பிள்ளை என்று அவர்களைக் குறித்தார். அவருடைய நூல்களின் மிகச் சிறந்த பக்கங்கள் அவர்களைப் பற்றியவை.

இந்த ஆய்வுகளில் நம்பிக்கை தரும் பகுதியும் உண்டு. ஓர் ஆணும் பெண்ணும் வாதிடும் காட்சிகளைப் படமாக்கிப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். சண்டை தீராமல் முடிந்த காட்சிகள் மிகுந்த கலக்கம் தந்தன. பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் காட்சிகளும் வாய்ச்சண்டை போலவே கலக்கம் தந்தன. 'நாங்கள் குழந்தை முன் சண்டையே போடுவதில்லை. பேசிக்கொள்வதை நிறுத்திவிடுவோம்' என்பவர்கள் குழந்தையை ஏமாற்றவில்லை. ஆனால் சண்டை தீர்ந்து இருவரும் இணங்கிய காட்சிகளில் பிள்ளைகளின் கலக்கம் பெரிதும் தணிந்தது. இருவரும் வேறு அறைக்குப் போய்ப் பேசித் தீர்த்து, நட்பாகத் திரும்பிவந்தால்கூடப் பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். ஆகவே கருத்து வேறுபாடே நஞ்சு அன்று. அது எப்படி நடக்கிறது, எப்படி முடிகிறது என்பதே கேள்வி. படத்தில் வரும் அயலாரைப் பார்ப்பதும் தன் தாய் தந்தையரைப் பார்ப்பதும் ஒன்றாகுமா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் பின்வந்த ஆய்வுகள் வீட்டுக் குறிப்பேடுகளையும் சேர்த்துக்கொண்டன.

இரு முகாம்களும் ஒரு சொற்றொடரும்

வாலர்ஸ்டைனுக்கு எதிர் முகாமில் அடிக்கடி நிறுத்தப்படுபவர் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் மேவிஸ் ஹெதரிங்டன். ஏறத்தாழ 1,400 குடும்பங்களை ஒப்பீட்டுக் குழுக்களோடு ஆராய்ந்தவர். மணவிலக்கான வீடுகளின் பிள்ளைகளுள் 20 முதல் 25 விழுக்காட்டினருக்குக் கடுமையான சிக்கல்கள் இருந்தன. பிரியாத வீடுகளில் அது 10 விழுக்காடு என்று 2002-ல் எழுதினார். இந்த எண்களை வைத்துக்கொண்டு 'இடர் இரு மடங்கு!' என்று ஒருவர் முழங்கலாம். 'நான்கில் மூன்று பங்கினர் நலமாகவே இருக்கிறார்கள்' என்று இன்னொருவர் ஆறுதல் சொல்லலாம். இரண்டும் உண்மை. எந்தப் பாதியைச் சொல்கிறார் என்பதைக் கொண்டு பேசுபவரின் முகாமை அறியலாம். உண்மையை அறிய முடியாது.

இந்த இழுபறியிலிருந்து வெளியே வர உதவுவது ராபர்ட் எமரி வகுத்த ஒரு வேறுபாடு: வேதனை வேறு, கோளாறு வேறு. அவரும் லிசா லாமன்-பில்லிங்ஸும் மணவிலக்கான வீடுகளிலிருந்து வந்த கல்லூரி மாணவர்களைக் கேட்டார்கள். நன்றாகப் படித்து முன்னேறியவர்கள். கோளாறு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆயினும் ஏறக்குறையப் பாதிப்பேர், தம் குழந்தைப் பருவம் மற்றவர்களுடையதைவிடக் கடினமானது என்றார்கள். வினாத்தாளில் கோளாறை எண்ணியவர்கள் இந்த வேதனையைத் தவறவிட்டார்கள். மணிக்கணக்கில் கேட்ட வாலர்ஸ்டைன் வேதனையை முழுமையாகப் பதிந்தார். ஆனால் அதையே ஊனம் என்று படித்துவிட்டார். அவருடைய முதல் நூலின் துணையாசிரியரான கெல்லியே 2003-ல் எமரியோடு சேர்ந்து, பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள் என்றும், வேதனையைக் கோளாறோடு குழப்பக் கூடாது என்றும் எழுதியது கவனிக்கத்தக்கது.

இனி அந்தச் சொற்றொடர்: 'பிள்ளைகளுக்காக.' சேர்ந்திருப்பவரும் சொல்லுகிறார், பிரிபவரும் சொல்லுகிறார். ஜான் கிரைக், ஃபிராங்க் ஃபிஞ்சம் ஆகியோர் 1990 முதல் காட்டிவந்த ஒன்று இங்கே பொருந்தும். சண்டையைக் காணும் குழந்தை வெறும் பார்வையாளன் அன்று. 'இது ஏன் நடக்கிறது? யாரால்?' என்று காரணம் தேடுகிறது. சண்டை தன்னைப் பற்றியதாக, தன் படிப்பை, தன் செலவை, தன் நடத்தையைப் பற்றியதாக இருந்தால் வெட்கமும் தன்னைக் குற்றஞ்சாட்டிக்கொள்வதும் மிகுகின்றன. அப்படிப்பட்ட குழந்தையிடம், 'உனக்காகத்தான் இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்துகிறேன்' என்று தாய் சொன்னால் அது என்ன கேட்கும்? அம்மாவின் துன்பத்துக்குக் காரணம் நான் என்றுதான் கேட்கும். நூல்களை ஆயுதமாக்குவோர் இந்த ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. இதைப் படிக்கும் மாணவர்களுள் இந்தச் சொற்றொடரைத் தம் வீட்டில் கேட்டவர் இருப்பின், அவர்களுக்கு ஆய்வுகள் சொல்லுவது தெளிவானது: பெரியவர்களின் பூசலை மூட்டியவர் நீங்கள் அல்லர், அதைத் தீர்க்கும் பொறுப்பும் உங்களுடையது அன்று. தாய், தந்தை, பாட்டி, ஆசிரியர் என்று நம்பிப் பேச ஒருவர் இருப்பின் அவரிடம் பேசுவதில் குறைவொன்றும் இல்லை. அடி உதை நடக்கும் வீடாயின் அதைக் கட்டாயம் பெரியவர் ஒருவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

மூன்று நூல்களில் எதைப் படிப்பது என்று கேட்டால் முதலாவதைச் சொல்வேன். மூன்றாவது நூல் எழுத்தில் விறுவிறுப்பானது. ஆனால் சில வாழ்க்கைக் கதைகளை நீட்டி எழுதி, அவற்றைக் கொண்டு ஒரு தலைமுறைக்கே ஜாதகம் கணிக்கிறது. முதல் நூலில் ஜாதகம் இல்லை. பிள்ளைகளின் பேச்சு இருக்கிறது. அதையும் முதல் பக்கத்திலிருந்து தொடங்காமல், கடைசியில் உள்ள பிற்சேர்க்கையைப் படித்துவிட்டு முன்னே வருவது நல்லது.